கல்மண்டபத்துக்கு ஏற்ற மதர்போர்டு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்த இரும்புச் சாமான் வந்தாலும் முதலில் அதற்கு கிரீஸ் பூசப்படும். மஞ்சள், குங்குமம் எல்லாம் அதற்கப்புறம்தான். கல்மண்டபம் என்கிற எங்கள் பேட்டையில், வீட்டிலிருந்து மீன்பிடித் துறைமுகம் நடந்துபோகிற தூரம். அங்கிருந்து வருகிற காற்றில் இருக்கும் உப்பு ஜன்னல் கம்பியைத் தின்னும், கேஸ் அடுப்பின் காலைத் தின்னும், டிவி ஆன்டெனாவை இரண்டு மழைக்குள் தின்று முடித்துவிடும். என் அப்பா விசைப்படகு இஞ்சின்களுக்கு மெக்கானிக். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பகலெல்லாம் துறைமுகத்தில் உப்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் அந்தச் சண்டையை விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிரீஸ் டப்பாவும் பழைய பல் விளக்கும் பிரஷ்ஷுமாக வீட்டைச் சுற்றி வருவார். கதவுக் கீல், பூட்டு, தையல் மெஷின், என் சைக்கிள் செயின் எதுவும் தப்பாது. அரிவாள்மனைக்கு மட்டும் தேங்காயெண்ணெய், அது சாப்பாட்டுச் சாமான் என்பதால். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பீரோக் கீலில் இருந்த கிரீஸ் அம்மாவின் பட்டுப்புடவையில் ஒட்டிக்கொண்டது. அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. தெருவில் எங்கள் வீட்டுக்கு கிரீஸ் வீடு என்றே பெயர். எனக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்காது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். துறைமுகச் சரக்குகளுக்குத் தாள்கள் தயார் செய்கிற ஒரு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் யாரோ கார் ரேஸ் விளையாட்டு ஒன்றை ஏற்றிவைத்திருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது நாளே ஆபீஸில் இருந்த ஆண்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் என்னிடம் தோற்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு வளைவுகள் நன்றாக வரும். பன்னிரண்டு வயதில் தெருவில் ஓடியாடுவதை நிறுத்தி என்னை உள்ளே உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு வேகமாக எதையும் நான் ஓட்டியதில்லை. அந்த விளையாட்டில் உட்காரும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். அதற்காகவே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. பிரவுசிங் சென்டருக்குப் போகலாம்தான், ஆனால் அங்கே விளையாட உட்காருகிற பெண் என்றால் திரையைவிட அவளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு கார் ஓட்டற ஆட்டம் ஒரு கேடா?" என்றாள் அம்மா.

"ஓட்டட்டுமே. நெசக் காரா வாங்கிக் குடுன்னு கேட்டா?" என்றார் நைனா. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாங்க வேண்டும். அதனால் மொத்தமாக வாங்குகிற பேச்சே இல்லை, ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்க்க வேண்டும். முதலில் மதர்போர்டு. மற்ற எல்லாம் அதன்மேல்தான் உட்காரும், அது போனால் எல்லாம் போச்சு. மறுபடி ஒன்று வாங்க என்னால் முடியாது. ஆகவே ஒரே ஒரு தடவை, சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் பஸ் பிடித்து, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவேன். அந்தத் தெருவில் விற்கிறவர்கள் பேச்சைக் கேட்டால் உலகத்தில் மட்டமான போர்டு என்று ஒன்று தயாராகவே இல்லை. "மேடம், இது கேமிங்குக்குன்னே செஞ்சது" என்று ஒருவன் சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு போர்டைக் காட்டுவான். இன்னொருவன் எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று விலை குறைந்த ஒன்றை நீட்டுவான். அதில், விளையாட்டில் படம் திக்காமல் ஓட வைக்கிற கிராபிக்ஸ் கார்டைப் பிற்பாடு சொருக இடமே இருக்காது. அதைக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு மேடம், நீங்க டைப்பிங்தானே பண்ணுவீங்க?" என்பான். நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். கோபம் வந்தால் எனக்கு வார்த்தை தடித்துவிடும், அது எனக்கே தெரியும்.

ஆபீஸில் என் மேஜைக்கு வருவது, வெளிநாடு போய் பழுது என்று திரும்பி வருகிற சரக்கின் தாள்கள். எந்தக் கம்பெனி சாமான் எத்தனை தரம் திரும்புகிறது என்று முதலாளிகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்தது. விற்கிற இடத்தில் நின்று என்ன பயன்? செத்த போர்டுகள் வந்து சேருகிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கடையின் மாடியில், குறுகலான படிக்கட்டுக்கு மேலே, ரிப்பேர் பார்க்கிற நீளமான மேஜை ஒன்று இருந்தது. அதன் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். வருகிற ஒவ்வொரு போர்டும் எது, என்ன ஆயிற்று என்று கையில் இருந்த நோட்டில் குறித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை, மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். வண்ணாரப்பேட்டைக்காரர், எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிட்டார்கள்.

"இன்னாம்மா, மூணு வாரமா வந்து நிக்கிற. எந்த போர்டு உன்னுது?"

"நான் இன்னும் வாங்கவே இல்ல பாய். எதெது ரிப்பேருக்கு வருதுன்னு பாத்துகினு போலாம்னு வந்தேன்."

அவர் கையில் இருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "எங்க, நோட்ட காட்டு" என்றார்.

என் நோட்டில் அந்தச் சிவப்பு போர்டுதான் அதிகம் தடவை வந்திருந்தது. எல்லாம் ஒரே வியாதி. போர்டின் மேல் சின்னச் சின்ன டப்பாக்கள் மாதிரி நிற்குமே, கண்டன்சர், அவற்றின் தலை உப்பிப் போய் சில வெடித்தும் இருந்தன. மாறாக, பழுப்பு நிறத்தில் பார்க்கச் சகிக்காத போர்டு ஒன்று மூன்று வாரத்தில் இரண்டே தரம் வந்திருந்தது. அதில் கிராபிக்ஸ் கார்டுக்கும் இடம் இருந்தது. இரண்டில் ஒன்று, பெட்டிக்குள் பல்லி புகுந்து தானும் செத்து அதையும் சாகடித்தது.

"அது பல்லியோட தப்பு. இன்னொண்ணு எதனால பாய் போச்சு?"

"அதுவா? அது எண்ணூர்லேர்ந்து வந்துது. உப்பு." பிறகு ஏதோ தோன்றியவராக, "ஆமா, உனக்கு வூடு எங்க?" என்று கேட்டார்.

"கல்மண்டபம்."

பாய் உச்சுக்கொட்டினார். "ராயபுரம், திருவொத்தியூர், எண்ணூர் போர்டுன்னா நான் பாத்த ஒடனே சொல்வேன். ஸ்க்ரூவாண்ட பச்சை பூத்துகினு இருக்கும். நீ தங்கத்துல போர்டு வாங்கினாலும் கடலாண்ட ரெண்டு வருசந்தான். துரு புடிச்சா வாரண்டியும் கெடையாது, சொல்லிட்டேன்."

"அப்ப நாங்கல்லாம் கம்ப்யூட்டரே வாங்கக்கூடாதா?"

"வாங்கு. இந்தப் பழுப்பு போர்டையே வாங்கு. ஜன்னலாண்ட வெக்காத. தெனம் ஒரு மணி நேரமாச்சும் ஓட்டு, அந்தச் சூட்டுல ஈரம் காயும்."

வாங்கிவிட்டேன். மற்ற பாகங்கள் அடுத்த சனிக்கிழமைதான், சம்பளம் வந்த பிறகு. அதுவரை போர்டு வீட்டில் அதன் அட்டைப்பெட்டிக்குள் பீரோ மேல் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

அன்று சாப்பிடும்போது நடந்ததை எல்லாம் சொன்னேன். பல்லி கதைக்கு அம்மா சிரித்தாள். உப்பு என்றதும் நைனா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"ரெண்டே வருசமா?"

"அப்பிடித்தான் சொன்னாரு நைனா."

"இப்ப அது ஒரு வாரம் சும்மா கெடக்கணுமே" என்றார். அவர் கண் பீரோ மேலே போனது.

நான் அதைக் கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு உலகம். விளையாட்டு சிடியை முன்கூட்டியே வாங்கிவைத்துவிட்டு அதன் அட்டையில் இருந்ததை எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். யார் என்ன கேட்டாலும் "ம்" தான்.

சனிக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். பிராசசர், ராம், பவர் சப்ளை எல்லாம் வாங்கிக்கொண்டு மாடி ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி மேஜைமேல் பரப்பினேன். பாய் அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையை உருவினார். அப்படியே நின்றுவிட்டார்.

போர்டு முழுக்க கிரீஸ். ஸ்க்ரூ போடுகிற ஓட்டைகள், ராம் சொருகும் பள்ளங்கள், பிராசசர் உட்காரும் இடத்தில் ஊசி நுழைகிற மாதிரி நூற்றுக்கணக்கில் இருக்கும் துளைகள், எல்லாவற்றிலும் மஞ்சளாக, வழுவழுவென்று கிரீஸ்.

மேஜையில் இருந்த மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன், "பாய், ஆயில் சேஞ்ச் பண்ணி எட்டாந்துகீறாங்க" என்றான். மாடியே சிரித்தது. நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்தான். அன்று தலையை நிமிர்த்த முடியவில்லை.

"யாரு பண்ணது?" என்றார் பாய். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க நைனா."

"வுட்டுட்டுப் போ. செவ்வாக்கெழம வா. தேறும்னு சத்தியமா சொல்லமாட்டேன்."

பஸ்ஸில் வரும்போதே கண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாதம் டீ குடிக்காமல், ஆட்டோ ஏறாமல் சேர்த்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா பனியனோடு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "மாட்டியாச்சாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார்.

அந்த ஆசைதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "அது இன்னா உன் போட்டு இஞ்சினா? எதுல கை வெக்கறதுன்னு ஒரு இது இல்ல? உனுக்கு இன்னா தெரியும்? ஒண்ணுந் தெரியாது. உன் கை பட்டா எல்லாமே கிரீஸ்தான், கலீஜ்!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

உனக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டது யாரை? நடுக்கடலில் நின்றுபோன படகைக் கயிறு கட்டி இழுத்து வந்து, இஞ்சினை அவர் காதால் கேட்டால் போதும் என்று ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். அந்த மனிதர் ரேடியோவை நிறுத்தினார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மாடி ஏறினேன். பாய் போர்டை எடுத்து வைத்தார். பளிச்சென்று இருந்தது.

"மூணு தபா தின்னர்ல கழுவுனேன். அந்தத் துளையெல்லாம் ஒண்ணொண்ணா ஊதி எடுத்துகீறேன். கரண்டு குடுக்காத போர்டு, அதனால தப்பிச்சுது. ஓடுது." நான் பேசுவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. நானும் எத்தினியோ பேர் கை வெச்ச போர்டு பாத்துகீறேன். உங்க நைனா இம்மாம் கிரீஸ் போட்டுகீறாரு, ஒரு பின்னு வளையல, ஒரு கண்டன்சர் சாயல. அது தொழில் தெரிஞ்ச கை. எங்க போடக்கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான். ஸ்க்ரூ ஓட்டையாண்டயும் பின்னாடி தகரத்துலயும் அவரு போட்டது கரெக்ட்டு. அத்த நான் தொடைக்காம அப்பிடியே வுட்டுட்டேன். உப்புக்கு அதான் மருந்து."

எல்லாவற்றையும் அவரே பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்தார், அன்று இரவே வீட்டில் ரேஸ் ஓட்டினேன். முதல் வளைவில் காரைத் திருப்பும்போது வயிற்றுக்குள் வரவேண்டிய குளிர்ச்சி வரவில்லை. "ஓடுது நைனா, வந்து பாரேன்" என்றேன். அவர் அறைக் கதவருகே வந்து நின்றார். சுவரில்கூடக் கை படாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "நல்லா ஓட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கத்துவதற்கு வந்த வாய் அதற்கு வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிக்கொண்டே போனேன். கிராபிக்ஸ் கார்டுக்கு என்று மறுபடியும் டீயை விட்டேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பினால் சைக்கிள் மிதி நகரவில்லை. குனிந்து பார்த்தேன். செயின் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் நின்ற நைனாவின் சைக்கிள் செயினில் கிரீஸ் மினுமினுத்தது. வாசல் கதவுக் கீலில் புதிதாகப் பூசியிருந்தது. என் சைக்கிளுக்கு மட்டும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், என் தகரப் பெட்டியின் கொண்டியிலும் துரு. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டைச் சுற்றி வந்தவர், என் பொருள் ஒவ்வொன்றையும் விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிறார்.

"கோவமா அவருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "கோவம் இன்னா கோவம். பயம். அவ பொருளத் தொட்டா கெட்டுப்பூடும்னு சொல்றாரு." பிறகு கையை உதறிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "சொல்லாதன்னாரு, ஆனா எனுக்கு மனசு கேக்கல. அன்னிக்கு உன்ன ஒரு வார்த்த கேட்டுகினுதான் அத்தத் தொட்டாரு. பிரஷ்ஷோட வந்து உன் பக்கத்துல நின்னு, உப்பு ஏறாம லேசா ஒரு கை பூசி வுடட்டான்னு கேட்டாரு. நீ அந்த அட்டையப் படிச்சுகினு, ம்-னு சொன்ன. நான் அடுப்பாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் அவர் கேட்டது ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்த "ம்" என்னுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆபீஸுக்கு நடந்தேன்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, கம்ப்யூட்டர் பெட்டியை நடு வீட்டில் படுக்கவைத்துத் திறந்தேன். கார்டைச் சொருகினேன். பிறகு கூப்பிட்டேன்.

"நைனா, டப்பாவ எட்துகினு வா."

"எதுக்கு?"

"போர்டுக்கு கிரீஸ் போடணும்."

அவர் வாசலிலேயே நின்றார். "வேணாம்மா. நான் எதுனா பண்ணிடப் போறேன்."

"நீ அன்னிக்குப் போட்டதுல பாதி கரெக்ட்டுன்னு பாய் சொன்னாரு. வா, எங்க எங்கன்னு நான் காட்டறேன்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிரஷ் நுனியில் துளி எடுத்து, புது கார்டின் ஸ்க்ரூவுக்கு மேலே நிறுத்தினார். "இங்க?"

"ம்" என்றேன், பழக்கத்தில்.

பிரஷ் அந்தரத்திலேயே நின்றது. "ம்-னு சொல்லாத கண்ணு. வாயத் தொறந்து சொல்லு."

"போடு நைனா" என்றேன். போட்டார். அடுத்த ஸ்க்ரூ. "இங்க?" "போடு நைனா." பின்பக்கத் தகரம். "போடு." ராம் பக்கம் வந்ததும் அவரே கையை இழுத்துக்கொண்டார். "இங்க வேணாம், இல்ல?" "வேணாம்."

"அன்னிக்கு நீ கேட்டியாமே. நான்தான் காதுல வாங்கல" என்றேன் அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் அப்பிடிக் கத்தனப்போ, நீதான சொன்னன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

நைனா ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அழுதுகினு வந்த. அழுவுற புள்ளையாண்ட, தப்பு உன் மேலதான்னு எப்பிடிம்மா சொல்றது?"

அதற்குமேல் என்னால் விரலால் இடம் காட்ட முடியவில்லை. அவரே பார்த்துப் பார்த்து முடித்தார். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. டப்பாவை மூடப் போனவர் மூடாமல் வாசல் பக்கம் பார்த்தார்.

"சைக்கிள்?"

"அதுக்கும் போடு நைனா" என்றேன். தெருவே கேட்டிருக்கும்.